பதினான்காம் வித்தை

கை விடவில்லை. அம்மாவின் சுண்டுவிரலை முடித்துவிட்டு மோதிர விரலுக்கு வந்தது. மோதிர விரலை முடித்துவிட்டு நடுவிரலைப் பிடித்தது. அப்போதுதான் அம்மா கத்தினாள்.

"பட்டனை அமுத்துங்கப்பா! மணிக்கட்டுக்கு அடியில!" என்று நானும் கத்தினேன்.

அப்பா இடது கையால் தேடினார். தேங்காய்ச் சட்னி கொட்டி எல்லாம் வழுக்கியது. நான் தோசைத் தட்டைத் தாண்டிக் குதித்து அந்தச் சின்னப் பட்டனை நகத்தால் அழுத்தினேன். ரப்பர் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அம்மாவின் நடுவிரல் எந்த விரலும் இருக்கக் கூடாத ஒரு கோணத்தில் இருந்தது.

அது அப்பாவின் கைதான். ஆனால் செய்தது அப்பா இல்லை. அவர் முகத்தைப் பார்த்திருந்தால் யாரும் சொல்லிவிடுவார்கள். முழங்கைப் பட்டையைக் கழற்றி, கையை உருவி, அடுப்படிக்குக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினார். மூடியின் மேல் இட்லிக் குண்டாவைத் தூக்கி வைத்தார்.

"என்ற கை இல்ல அது," என்றார். "என்ற கை இல்ல கோகிலா."

டாக்டர் மூட்டு விலகியிருக்கிறது என்று சொல்லி இழுத்துச் சரிசெய்து கட்டுப் போட்டார். எப்படி ஆனது என்று கேட்டார்.

"கதவுல மாட்டிக்கிச்சுங்க," என்றாள் அம்மா. என்னையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை.

இப்போது எல்லோரும் படுத்துவிட்டார்கள், வீட்டில் விளக்கில்லை. கையை டிரம்மிலிருந்து எடுத்து லேப்டாப்பில் மாட்டியிருக்கிறேன். விரலிடுக்கில் இன்னும் நாலு அரிசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பயமாக இருக்கிறது, யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பயம் இந்தக் கையைச் சரிசெய்ய முடியாமல் போய்விடுமோ என்பது இல்லை. இதற்குள் ஓடுவது நான் எழுதிய நிரல். இதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. என் அளவுக்குத் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயர் ரிஸ்வானா. உக்கடத்தில் இருக்கிறாள்.

காட்டரங்கம் விளையாடாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அது மிருகங்களை மோதவிடும் கம்ப்யூட்டர் ஆட்டம். நம் மிருகத்துக்கு நாம்தான் வித்தைகள் கற்றுத்தர வேண்டும். பாய்வது, வாலால் அடிப்பது, புழுதி கிளப்பிக் கண்ணை மறைப்பது, இப்படி. என் மிருகம் கரட்டான். முதுகெல்லாம் முள் வைத்த ஓணான். ரிஸ்வானாவுடையது கொக்கிவாலன். எந்த மிருகமானாலும் நாலு வித்தைதான். ஐந்தாவதைக் கற்றுத்தரப் போனால் திரை கேட்கும்: எதை மறக்கட்டும்?

எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. கஷ்டப்பட்டுக் கற்றதை எதற்காக மறக்க வேண்டும்? பத்தாம் வகுப்பு லீவில் நானும் ரிஸ்வானாவும் சேர்ந்து அந்த ஆட்டத்துக்கு ஒரு மோட், அதாவது விதியை மாற்றும் ஒட்டு நிரல், எழுதினோம். பெயர் பரண். மறக்க வேண்டிய வித்தை அழியாமல் பரணுக்குப் போய்விடும். தேவைப்படும்போது தானாக இறங்கி வரும். எந்த நேரத்தில் எது தேவை என்பதை மிருகமே பழகப் பழகக் கற்றுக்கொள்ளும். நாலாயிரம் பேர் இறக்கிக்கொண்டார்கள். பிரேசிலிலிருந்து ஒரு பையன் நன்றி சொல்லி எழுதினான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. பட்டறிவு என்று ஒன்றைச் சேர்த்தேன். ஒரே அடியை மூன்று முறை வாங்கினால் மிருகம் அந்த அடியைத் தானே கற்றுக்கொள்ளும். அடுத்த முறை எதிராளி அதே மாதிரி நெருங்கினால் முந்திக்கொண்டு அதையே திருப்பிக் கொடுக்கும். அது திருப்பி அடிக்க வேண்டாம் என்றால் ஆடுகிறவர் 'அடங்கு' பட்டனை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தோற்றுக்கொண்டே இருக்கும் பொடியன்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. அதிகம் அடிபட்ட மிருகத்திடம்தான் அதிக வித்தை இருக்கும். இதைவிட நியாயமான விதியை எந்த ஆட்டத்திலும் நான் பார்த்ததில்லை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்பா கணபதி ஏரியாவில் இரும்பு கடையும் ஒரு லேத் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். போன வருடத்துக்கு முந்தின வருடம் தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. காப்பீட்டில் இந்தக் கை வந்தது. சாம்பல் நிற ரப்பர்த் தோல். முன்கைத் தசை அசைவதை வைத்து அப்பா என்ன நினைக்கிறார் என்று ஊகித்து அசையும். முட்டையைப் பிடித்தால் உடைக்கக் கூடாது என்பதற்காக விரலெல்லாம் தொடு உணர்வு வைத்திருக்கிறார்கள். ஆனால் நாலே நாலு பிடிதான் தெரியும். டம்ளர் பிடிக்க, சாவி பிடிக்க, பை தூக்க, விரித்து வைக்க. ஐந்தாவது வேண்டுமென்றால் கையைப் பொருத்தித் தந்த மையத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்த அண்ணன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே அப்பாவிடம் கேட்டார்: "இதுல எதைங்க எடுத்துரலாம்?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அதே கேள்வி.

அப்பாவுக்குத் தேவைப்பட்டது சக் சாவியை, அதாவது லேத்தில் இரும்பைக் கவ்வும் பாகத்தை இறுக்கும் சாவியை, பிடித்து இறுக்கத் திருப்பும் பிடி. அது இல்லாமல் லேத்தில் நிற்க முடியாது. அதுவரைக்கும் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளும் வேலையைத்தான் கொடுத்து வைத்திருந்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா யோசித்துக்கொண்டே வந்தார்.

"பை இல்லாமக்கூட இருந்துக்கலாம். இடது கையில தூக்கிக்கலாம். டம்ளர் இல்லாம எப்படி கண்ணு? நாலுல ஒன்னையும் உட முடியலியே."

"ஒன்னையும் உட வேண்டாங்கப்பா," என்றேன். "எனக்கு ரெண்டு வாரம் குடுங்க."

ஒன்பது நாளில் முடித்தேன். கைக்குள் இருக்கும் சில்லு ஒன்றும் பெரிய அதிசயமில்லை. பரணை அப்படியே தூக்கி அதற்குள் வைத்தேன். சக் சாவி ஐந்தாவது. அளவெடுக்கும் வெர்னியரைப் பிடிப்பது ஆறாவது. கை அசையாமல் இருக்க வேண்டுமென்றால் முன்கைத் தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் 'அடங்கு'. கூட்டமான பஸ்ஸில் போகும்போது உதவும் என்று சொல்லித்தந்தேன். கை செய்த கம்பெனிக்குத் தெரிந்தால் கையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அதனால் இந்த விஷயம் எங்கள் வீட்டுக்கும் ரிஸ்வானாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கு அவள் கேட்டாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"பட்டறிவைக் கழட்டிட்டியாடி?"

"எதுக்கு? அதுபாட்டுக்குத் தூங்கிட்டுக் கெடக்கும். எதிராளி வந்தாத்தானே அது முழிக்கும்? கைக்கு எதிராளி யாருடி இருக்கா?"

"அதுவும் சரிதான்," என்றாள்.

அப்பா மறுபடியும் லேத்தில் நின்றார். முதல் நாள் சாயங்காலம் அரைக் கிலோ ஜிலேபியோடு வந்து, கதவைத் திறக்கும்போதே சொன்னார்: "எல்லாரும் வந்து கை குடுத்தாங்க கண்ணு. மொதலாளி பையன் மொதக்கொண்டு. டீ குடிக்கற நேரத்துல வரிசையா வந்து கை குடுக்கறாங்க. கைக்கு அப்படியொரு மருவாதி!"

அதற்குப் பிறகும் வாரத்துக்கு ஒரு தடவையாவது அதைச் சொல்வார். 'இன்னிக்கும் கை குடுத்தாங்க.' நான் ஸ்கூலில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அம்மா மட்டும் அந்தக் கையைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. துடைப்பதுகூட அப்பாதான். "படுக்கறப்ப அதையக் கழட்டி அக்கட்டால வெச்சுட்டு வாங்க. பாக்கவே ஒரு மாதிரி இருக்குது," என்பாள். அதனால் ராத்திரி அது அடுப்படியில், மிக்சிக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டு கிடக்கும்.

நாலு மாதம் இப்படிப் போனது. இன்றைக்குச் சட்னிக் கிண்ணத்தை அப்பா பக்கம் நகர்த்தும்போது அம்மாவின் விரல் தெரியாமல் அந்த ரப்பர் விரலில் பட்டது. அதற்கப்புறம் நடந்ததுதான் மேலே சொன்னது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"காத்தால எட்டு மணிக்குள்ள சரியாயிருமா கண்ணு? இல்லீன்னா மறுக்கா சீமாறு புடிச்சுக் கூட்டறதுதான்."

"ஆயிருங்கப்பா."

எல்லோரும் படுத்த பிறகு ரிஸ்வானாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவள் 'யா அல்லா' என்று ஒரு தடவை சொன்னாள். அப்புறம் வேலையில் இறங்கிவிட்டாள். அதனால்தான் அவளை எனக்குப் பிடிக்கும்.

"வித்தைப் பட்டியலைத் தொற. எத்தனை இருக்கு?"

"பதினாலு."

"நீ சொல்லிக்குடுத்தது?"

"கம்பெனியோடது நாலு. என்னோடது ரெண்டு."

"அப்போ மிச்சம் எட்டு யாருடி சொல்லிக்குடுத்தா?"

எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"தன்ஷிகா. நீ பட்டறிவைக் கழட்டவே இல்லியா?"

"கைக்கு எதிராளி..."

"சொன்ன, சொன்ன. நானும் தலையாட்டுனேன். சரி, ஏழாவதைத் தொறந்து பாரு, என்ன போட்டிருக்கு?"

எண்கள்தான் இருந்தன. எந்த விரலில் எவ்வளவு அழுத்தம், எந்தத் திசையில் எவ்வளவு திருகல். எண்ணைப் பார்த்து எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ரிஸ்வானாதான் வழி சொன்னாள்.

"கரட்டானுக்குள்ள ஏத்துடி. கரட்டானுக்கும் கை இருக்குல்ல? எங்க கொக்கிவாலனை நிக்க வெக்கறேன். அடிச்சுக் காட்டட்டும்."

இரண்டு பேரும் அரங்கத்துக்குள் போனோம். கரட்டான் எழுந்து நின்றான். ஏழாம் வித்தையை அழுத்தினேன்.

கரட்டான் நடந்துபோய் மரியாதையாகக் கையை நீட்டினான். கொக்கிவாலன் கொடுத்தான். கரட்டான் அவன் நாலு விரலையும் சேர்த்துப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாகப் பின்பக்கமாக மடக்கினான். எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கிற மாதிரி.

"இன்னொரு தடவை போடு," என்றாள் ரிஸ்வானா. அவள் குரல் மாறியிருந்தது. போட்டேன். மூன்றாவது தடவையும் போட்டேன்.

மற்றவற்றையும் அதேபோல் மூன்று மூன்று தடவை போட்டோம். எட்டாவதும் கை குலுக்கலில்தான் ஆரம்பித்தது. குலுக்கிக்கொண்டே முறுக்கி, எதிராளியைத் தோள் வரைக்கும் சாய வைத்தது. ஒன்பதாவது, கையைப் பலகையில் அழுத்தி வைத்துத் தட்டையான ஏதோ ஒன்றால் புறங்கையில் அடிப்பது. இரும்பு ஸ்கேலாக இருக்கும். பத்திலிருந்து பதின்மூன்று வரை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒன்றில் கொக்கிவாலன் மண்டி போட்டான்.

"எத்தனை மணிக்குடி இதெல்லாம் கத்துக்கிச்சு?"

பார்த்தேன். காலை பதினொன்று பத்து. மாலை நாலு பதினைந்து. மறுநாள் பதினொன்று பன்னிரண்டு. அதற்கு மறுநாள் நாலு பதினான்கு.

டீ குடிக்கிற நேரம்.

வரிசையாக வந்து கை கொடுக்கிறார்கள் என்று அப்பா சொன்னாரே, அது பொய்யில்லை. உண்மையாகவே வரிசையாக வந்து கை கொடுத்திருக்கிறார்கள்.

நான் அழவில்லை. ரிஸ்வானாதான் மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவளே கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் புரியலைடி. மூணு தடவை பட்டாலே கத்துக்கும். நாலாவது தடவை திருப்பிக் குடுக்கணுமே? நாலு மாசமா ஏன் ஒருத்தன் விரலும் ஒடியலை?"

அதற்கும் கணக்கு இருந்தது. கடைசி வரியைத் தவிர, ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரே சொல். அடக்கப்பட்டது. அடக்கப்பட்டது. அடக்கப்பட்டது. எண்ணிப் பார்த்தேன். அறுபத்தொன்று.

கை ஒவ்வொரு தடவையும் திருப்பி அடிக்கப் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அப்பா முன்கைத் தசையை இறுக்கி அதைப் பிடித்து வைத்திருக்கிறார். நான் பஸ்ஸுக்காகச் சொல்லித்தந்ததை வைத்து. வீட்டில்தான் அவர் பிடித்து வைக்கவில்லை. வீட்டில் எதற்குப் பிடித்து வைக்கப் போகிறார்?

"எனக்கு ஒண்ணு தோணுதுடி," என்றாள் ரிஸ்வானா. "நாளைக்கு அடக்க வேண்டாம்னு அங்கிள்கிட்டச் சொல்லிரு. ஒரே ஒரு நாள். பதினொன்னு பத்துக்கு."

எனக்கும் தோன்றியது. மறைக்க மாட்டேன். முதலாளி பையன் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவதும், கை அவனை முந்திக்கொள்வதும் கண் முன்னால் தெரிந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது.

"அப்புறம் போலீஸ் யாரு வீட்டுக்கு வரும்?" என்றேன்.

"தெரியும். சும்மா சொன்னேன்." பட்டியலுக்குத் திரும்பினாள். "இன்னிக்கு ஆன்ட்டி விரலை எது ஒடிச்சுது? ஏழுதானே?"

கடைசி வரியைப் பார்த்தேன். இரவு ஏழு ஐம்பத்திரண்டு. வித்தை எண் ஏழு இல்லை. பதினாலு.

பதினாலாவதைக் கற்ற நேரம் டீ நேரமும் இல்லை. காலை ஐந்து மணி ஐந்து நிமிடம். அந்த நேரத்தில் கை அப்பாவிடமே இருக்காது. அடுப்படியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். அப்போது தொடுவதை அது உணரும், அசைய மட்டும் முடியாது. தொடுதல் கணக்கு நூற்றுப் பதினெட்டு. தினமும் ஒரு தடவை. முதல் நூற்று நாலு தொடுதலும் மிக லேசாக இருந்ததால் பட்டறிவு அவற்றை அடி என்றே எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு பலம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. பதினோரு நாளைக்கு முன்னால்தான் அது வித்தையாகப் பதிந்திருக்கிறது.

கரட்டானுக்குள் ஏற்றினேன். அவன் கொக்கிவாலனின் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தான். விட்டான். மோதிர விரலைப் பிடித்து இழுத்தான். விட்டான். பிறகு நடுவிரல். வரிசையாக.

"இது என்ன அடிடி?" என்றாள் ரிஸ்வானா. "இதுல யாரும் தோக்கவே மாட்டாங்க போலிருக்கே."

அப்போது அடுப்படி விளக்கு எரிந்தது. அம்மா. மாத்திரை போடத் தண்ணீருக்கு வந்திருந்தாள். திரையில் கரட்டான் ஆள்காட்டி விரலுக்கு வந்திருந்தான். அம்மா செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கட்டைவிரல் வரைக்கும் நின்று பார்த்தாள்.

"அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள்.

"என்னம்மா?"

"சொடக்கு எடுக்கறது."

போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். அம்மா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட விரலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கலியாணமான நாள்ல இருந்து பொழுதோட அவரு வேலைல இருந்து வந்ததும் நாந்தான் சொடக்கு எடுத்து உடுவேன். லேத்துல நின்ன கை, படபடன்னு சத்தம் வரும். இது வந்ததுக்கப்புறம் பாக்கவே புடிக்கல எனக்கு. ஒரு நாளு காத்தால பால் காய்ச்சறப்ப அதும்பாட்டுக்குக் கெடந்துது. பாவமா இருந்துச்சு. சும்மா சுண்டுவெரலப் புடிச்சு இழுத்து உட்டேன். அப்புறம் நெதமும் பழக்கமாப் போச்சு."

"அப்பாக்குத் தெரியாதா?"

"ஐயோ, சொல்லிப்போடாத! பாவம் பாத்துப் பண்றேன்னு நெனைச்சுக்குவாரு. அப்புறம் அதைய என்ற கண்ணு முன்னாடி போடவே மாட்டாரு." கட்டுத் துணியை ஒரு தடவை தடவிக்கொண்டாள். "ஆனா சத்தமே வர மாட்டேங்குது கண்ணு. ரப்பருதானே. நானும் நாளுக்கு நாள் எச்சா இழுத்துப் பாத்தேன். ஒரு நாளாச்சும் வந்தறாதான்னு."

அந்தக் கை பலத்தை எங்கே கற்றது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"நீ மொதல்லயே ஏம்மா கத்தல? ரெண்டு விரல் வரைக்கும் சும்மாவே இருந்த."

அம்மா செம்பிலிருந்து ஒரு வாய் குடித்தாள்.

"என்ற சுண்டுவெரலுக்குச் சத்தம் வந்துச்சு. மோதர வெரலுக்கும் வந்துச்சு. இத்தன வருசத்துல எனக்கு யாரும் எடுத்து உட்டதில்ல கண்ணு. உங்கப்பாதான் எடுத்து உடறாருன்னு நெனைச்சேன்." சிரித்தாள். "அதுக்கு ஆராச்சும் கத்துவாங்களா?"

எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "அதைய அழிச்சுப்போடு சாமி. நாளைக்கு வேற ஆரு வெரலையாவது புடிச்சுதுன்னா வம்பு."

போனை நிமிர்த்தினேன். ரிஸ்வானா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கவிழ்த்து வைத்தால் கேட்காது என்று எனக்கு யார் சொன்னது?

"சரி, ஆரம்பி," என்றாள்.

முதலில் பட்டறிவை வேரோடு எடுத்தேன். இனி இந்தக் கையை யார் என்ன செய்தாலும் அது எதையும் கற்றுக்கொள்ளாது. பிறகு ஏழிலிருந்து பதின்மூன்று வரை. ஒவ்வொன்றுக்கும் திரை கேட்டது: மறக்கட்டுமா? ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றேன். ஏழு தடவை.

"கையிலிருந்து போயிருச்சு," என்றாள் ரிஸ்வானா. "ஆனா எங்கிட்ட இருக்குடி. கொக்கிவாலன் ஒவ்வொண்ணையும் மூணு தடவை வாங்கிட்டான்ல? எல்லாம் கத்துக்கிட்டான். மணி, நாள், பலம் எல்லாம் பதிஞ்சிருக்கு. நீ வேணாம்னு சொல்ற வரைக்கும் வெச்சிருக்கேன்."

"வெச்சிரு."

"அவனுங்க நாளைக்கும் கை குடுப்பானுங்களேடி."

"தெரியும்."

அவள் தூங்கப் போன பிறகும் பதினாலு மிச்சமிருந்தது. மறக்கட்டுமா என்று திரை கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா அழிக்கச் சொல்லிவிட்டாள். ஆனால் எங்கள் மோடில் பலம் மீறிப்போன வித்தையை நான் ஒருநாளும் அழித்ததில்லை. பலத்தைத்தான் குறைப்பேன். முதலில் பாதியாக்கினேன். பிறகு கால்வாசி. பிறகு இருபதில் ஒரு பங்கு, அதற்கு மேல் போகவே முடியாதபடி ஒரு தடுப்பு. அளவை நம்பலாம். ஆனாலும் இன்னொருவர் விரலில் சோதித்துப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. மணிக்கட்டுப் பட்டன் மேல் இடது கட்டைவிரலை வைத்துக்கொண்டு, வலது சுண்டுவிரலை ரப்பர் விரல்களுக்கிடையே நீட்டினேன்.

பயமாகத்தான் இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

கை என் சுண்டுவிரலைப் பிடித்தது. நாய்க்குட்டி பல் படாமல் கவ்வுவது மாதிரி. இழுத்து விட்டது. மோதிர விரல். நடுவிரல். ஆள்காட்டி. கட்டைவிரல். எதிலும் சத்தம் வரவில்லை. முடித்ததும் விரித்தபடி அப்படியே இருந்தது.

"சரியாப் போச்சா?"

அப்பா கதவோரம் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. வலது சட்டைக்கை காலியாகத் தொங்கியது.

"போச்சுங்கப்பா."

"இனி ஆரையும் ஒன்னும் பண்ணாதில்ல?"

"பண்ணாதுங்கப்பா. யாரு என்ன பண்ணுனாலும் திருப்பிப் பண்ணாது."

"எட்டு மணிக்குப் போட்டுட்டுப் போலாமா?"

"போலாங்கப்பா. சக் சாவி, வெர்னியர், எல்லாம் அப்படியே இருக்குது."

தலையாட்டினார். அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்தார். கையை எடுத்து மடியில் வைத்து, விரலிடுக்கில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக எடுத்தார். நாலையும் எடுத்து ஓரமாக வைத்தார். லேப்டாப்பைப் பார்த்தார். அதில் கரட்டான் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

அதுவரை அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் யோசிக்காமல் பதில் சொல்லியிருந்தேன். அடுத்ததற்கும் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், ரப்பர் சுண்டுவிரலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அதுக்குள்ள என்னென்ன கண்ணு இருந்துச்சு?"